37 விநாடிகள்

தென் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் பிரெஞ்சு கயானா என்று ஒரு பிரதேசம். ரா.கி.ரங்கராஜன் தமிழில் தந்த 'பட்டாம்பூச்சி' படித்தவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரும். பிரான்ஸ் தன் கைதிகளைக் கொண்டுபோய்த் தள்ளிய இடம்! அந்தச் சிறைத் தீவுகளுக்கு எதிர்க்கரையில், கூரூ என்ற ஊரில்தான் ஐரோப்பாவின் ராக்கெட் தளம் இருக்கிறது. பூமத்தியரேகைக்கு மிக அருகில் என்பதால், பூமி சுழலும் வேகத்தில் ஒரு பங்கு ராக்கெட்டுக்கு ஓசியில் கிடைக்கும்.

1996, ஜூன் 4. காலையிலேயே கிளம்ப வேண்டிய ராக்கெட். வானம் சரியாகத் தெரியவில்லை என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டார்கள். உள்ளூர் நேரம் 9 மணி 33 நிமிடம் 59 விநாடிக்கு முக்கிய என்ஜின் பற்றவைக்கப்பட்டது. ஏழு விநாடி கழித்து, ஏரியான்-5 தன் முதல் பயணத்துக்குக் கிளம்பியது.

ஏரியான் நமக்கு அந்நியமில்லை. 1981 ஜூனில், இந்தியாவின் 'ஆப்பிள்' செயற்கைக்கோளை (பெங்களூரில் மாட்டு வண்டியில் வைத்து சோதித்தார்களே, அதே ஆப்பிள்தான்) மேலே கொண்டுபோனது ஏரியானின் மூத்த அண்ணன்தான். நடுவில் வந்த ஏரியான்-4 படு சமர்த்து. அதைவிடப் பெரிதாக, பலசாலியாக ஒன்று வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 1987-ல் முடிவெடுத்து, ஒன்பது வருஷம் உழைத்து உருவாக்கியது ஏரியான்-5. அதன் தலையில் நான்கு செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றும் 1,200 கிலோ. சூரியனிலிருந்து கிளம்பும் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் மோதும்போது என்ன ஆகிறது என்று நான்கு திசையிலிருந்து ஒரே சமயத்தில் பார்க்கப்போகும் 'கிளஸ்டர்' கூட்டணி. பல விஞ்ஞானிகளுக்கு வாழ்நாளின் பாதி அதற்குள் இருந்தது.

என்ஜின் பற்றவைத்த 36 விநாடிவரை எல்லாமே ஒழுங்கு. 37-ஐ நெருங்கும்போது ராக்கெட் திடீரென்று, யாரோ காதைப் பிடித்துத் திருகியது மாதிரி, பக்கவாட்டில் திரும்பியது. அந்த வேகத்தில் காற்றுக்குக் குறுக்கே உடம்பைக் காட்டினால் என்ன ஆகும்? பக்கத்து பூஸ்டர்கள் பிய்த்துக்கொள்ள ஆரம்பித்தன. அதைக் கண்டதும் ராக்கெட்டுக்குள் இருந்த தற்கொலை ஏற்பாடு தானாகவே இயங்கிவிட்டது. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் ஒரு தீப்பந்து. அவ்வளவுதான்.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், 12 சதுர கிலோமீட்டருக்கு உடைசல் சிதறியது. பெரும்பாலும் அலையாத்திச் சதுப்பு நிலம். சேற்றில் தேடித் தேடிப் பொறுக்கினார்கள். அப்படிக் கிடைத்தவற்றில் இரண்டு பெட்டிகள் முக்கியமானவை. ராக்கெட் எந்தத் திசையில், எந்தச் சாய்வில் போகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கருவிகள் அவை. ஒன்று வேலை செய்யும். இன்னொன்று அது படுத்துவிட்டால் பொறுப்பேற்கத் தயாராக, பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ழாக்-லூயி லியோன்ஸ் என்ற பிரெஞ்சு கணித மேதையின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். ஆறு வாரத்தில், ஜூலை 19-ம் தேதி அறிக்கை ரெடி. நம்மூர் விசாரணை கமிஷன்களை நினைத்துப் பெருமூச்சு விடாதீர்கள், மேலே படியுங்கள். என்ஜினில் கோளாறு இல்லை, எரிபொருளில் கோளாறு இல்லை. குற்றவாளி ஒரு எண்! பெரிய எண் ஒன்று, சின்ன டப்பாவுக்குள் நுழையப் பார்த்திருக்கிறது.

ஆட்டோ மீட்டர் பார்த்திருப்பீர்கள். நான்கு இலக்கம்தான் காட்ட முடியும் என்றால், 9999-க்கு அப்புறம் அது என்ன செய்யும்? கம்ப்யூட்டரிலும் இதே சங்கடம் உண்டு. 16 பிட் டப்பா ஒன்றில் 32,767 வரைதான் அடங்கும். ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு கணக்கு 64 பிட் டப்பாவில் இருந்தது. அதை 16 பிட் டப்பாவுக்கு மாற்று என்று ஒரு கட்டளை. எண் கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் 'என்னால் முடியாது' என்று கையைத் தூக்கியது.

'இதுக்குப் போய் ஒரு ராக்கெட் வெடிக்குமா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கணக்கில் தப்பு வருவது சகஜம். ஆனால், தப்பு நேர்ந்த பிறகு அந்தச் சேதி யாரிடம் போனது, அவர் என்ன செய்தார் என்பதில்தான் வினையே இருந்தது.

கிராமத்தில் ஏரிக்கரை லேசாகக் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்ப்பவர் தலையாரி. அவரே நாலு மூட்டை மண்ணைப் போட்டு அடைத்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. முடியவில்லையென்றால் வி.ஏ.ஓ-விடம் ஓடுவார். அவருக்கும் கைமீறிப் போனால் தாசில்தார். அங்கேயும் ஆகவில்லையென்றால் கலெக்டர். புரோகிராம்களும் இதே மாதிரிதான். ஒரு பெரிய வேலை சின்ன வேலையைக் கூப்பிடும், அது அதைவிடச் சின்ன வேலையைக் கூப்பிடும். அடிமட்டத்தில் தகராறு என்றால் அந்தச் சேதி ஒவ்வொரு படியாக மேலே ஏறும். இதற்கு 'எக்ஸெப்ஷன்' என்று பெயர். எந்தப் படியில் யார் அதைப் பிடித்துக்கொள்வது, பிடித்தபின் என்ன செய்வது என்பதையெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

ஆரம்ப காலத்தில் இப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. தப்பு வந்தால் மெஷின் நின்றுவிடும். இல்லையென்றால், வேலை முடிந்ததும் ஒரு குறியீட்டு எண்ணைத் திருப்பித் தரும். 'சி' மொழியில் இன்றுவரை அதுதான் வழக்கம். மைனஸ் ஒன்று வந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். வந்ததா என்று பார்க்க வேண்டியது கூப்பிட்டவர் பொறுப்பு. எத்தனை பேர் பார்க்கிறார்கள்? தலையாரி எழுதிய தந்தியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மேஜை இழுப்பறையில் போடுவது மாதிரிதான்.

1960-களின் நடுவில் ஐ.பி.எம். கொண்டுவந்த 'பி.எல்.ஒன்' என்ற மொழியில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 'பூஜ்யத்தால் வகுத்துத் தொலைத்தால் இதைச் செய், எண் கொள்ளாமல் வழிந்தால் அதைச் செய்' என்று எழுதுகிறவரே தன் இஷ்டப்படி உத்தரவு போட்டு வைக்கலாம். 1975-ல் ஜான் குட்எனஃப் என்பவர் இந்த விஷயத்தை அலசி ஒரு கட்டுரை எழுதினார். தப்பு வந்த வேலையை அத்தோடு நிறுத்துவதா, இல்லை சரிசெய்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வதா என்ற பெரிய சண்டைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர் அவர்.

அதே சமயம் அமெரிக்காவில், எம்.ஐ.டி-யில், பார்பரா லிஸ்கோவ் என்ற பெண்மணி 'க்ளூ' என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். (பிற்பாடு, 2008-ம் வருஷத்துக்கான டூரிங் விருது வாங்கியவர்.) அவர் ஒரு கறாரான சட்டம் போட்டார். தலையாரியின் தகவல் வி.ஏ.ஓ. வரைக்கும்தான் போகலாம். வி.ஏ.ஓ. அதைக் கவனித்தே ஆக வேண்டும். கவனிக்காமல் விட்டால், 'ஏரி கசிகிறது' என்ற அந்தக் குறிப்பிட்ட சேதி மேலே போகாது. 'அந்த ஆபீஸ் தோற்றுவிட்டது' என்ற பொதுவான சேதிதான் போகும். ஏன் இப்படி? ஏரியைப் பற்றி ஒன்றுமே தெரியாத கலெக்டரிடம், நடுவில் யாரும் தொடாமல், 'மூன்றாம் மதகு, இடது பக்கம்' என்று ஒரு சீட்டு நேராகப் போய்ச் சேர்ந்தால் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நியாயம்தானே!

அடுத்து வந்தது 'ஏடா'. அமெரிக்க ராணுவ அமைச்சகம் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த மொழி. வென்றது ழான் இக்பியா என்பவர் தலைமையிலான பிரெஞ்சு குழு. கவிஞர் பைரனின் மகள், உலகின் முதல் புரோகிராமர் என்று சொல்லப்படும் ஏடா லவ்லேஸின் பெயரை வைத்தார்கள். அவர் பிறந்த வருஷம் 1815. ராணுவத் தர எண்ணாக அதே 1815-ஐக் கொடுத்தார்கள். ராணுவத்துக்குள்ளும் ஒரு ரசிகர் இருந்திருக்கிறார்! இந்த ஏடாவில் எக்ஸெப்ஷனுக்கு ராஜபாட்டை. யாரும் பிடிக்கவில்லையென்றால் அது தானாகவே படிப்படியாக ஏறிக்கொண்டே போகும், உச்சிவரை.

1980-ல் டூரிங் விருது வாங்கிய பிரிட்டிஷ் நிபுணர் டோனி ஹோர், தன் ஏற்புரையில் ஏடாவைப் போட்டுத் தாளித்துவிட்டார். தேவையில்லாத சங்கதிகள் ஏராளம், அதிலும் எக்ஸெப்ஷன் கையாளுவது ஆபத்தானது என்றார். மொழியின் தப்பால் அடுத்து திசை மாறப்போகும் ராக்கெட் எதுவாக இருக்கும் என்றுகூட எச்சரித்தார். அவர் பயந்தது அணுகுண்டு சுமக்கும் ராக்கெட்டைப் பற்றி.

பதினாறு வருஷம் கழித்து கூரூவில் வெடித்த ராக்கெட்டின் அந்த இரண்டு பெட்டிகளுக்குள்ளும் ஓடியது ஏடா புரோகிராம்! ஹோர் ஜெயித்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள். என்னைக் கேட்டால் அது ஏடாவுக்குச் செய்த அநியாயம். எண் டப்பாவில் அடங்கவில்லை என்பதை மொழி ஒழுங்காகக் கண்டுபிடித்தது, ஒழுங்காகக் கத்தியது. கத்தினால் என்ன செய்வது என்று மனிதர்கள் எழுதிவைத்த உத்தரவைப் பாருங்கள்.

'எந்த வகை எக்ஸெப்ஷன் வந்தாலும் சரி... தகவல் பாதையில் கோளாறு என்று அறிவி, விவரத்தை நினைவகத்தில் எழுதி வை, பிறகு உன்னையே நிறுத்திக்கொள்.'

எந்த வகை வந்தாலும்! தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் அவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் மனதில் இருந்த எதிரி வேறு. மின்சாரப் பாகம் ஏதாவது புகைந்துபோகும், அதிர்வில் ஒரு கம்பி அறுந்துபோகும்... இப்படித் திடீரென்று, எங்கோ ஓரிடத்தில் வரும் கோளாறு. அப்படியானால் பழுதான பெட்டி கௌரவமாக ஒதுங்கிக்கொள்வதும் இரட்டைச் சகோதரன் பொறுப்பேற்பதும் அருமையான திட்டம்தான். ஆனால், இரண்டு பெட்டிக்குள்ளும் ஓடியது ஒரே புரோகிராம். ஒரே எண், ஒரே டப்பா. மாற்று ஆள்தான் முதலில் படுத்தார். அடுத்த சுற்றில், 72 மில்லி விநாடிக்குள், முக்கியமானவரும் அதே காரணத்துக்காகப் படுத்தார். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

படுக்கும்போது பெட்டி தன் மரண வாக்குமூலத்தைத் தகவல் பாதையில் அனுப்பியது. அதை வாங்கியது ராக்கெட்டை ஓட்டும் தலைமை கம்ப்யூட்டர். அதற்கு வாக்குமூலம் என்றெல்லாம் தெரியாது. வந்த எண்களை வழக்கம்போல் திசைத் தகவல் என்றே எடுத்துக்கொண்டது. 'ஐயய்யோ, ராக்கெட் தாறுமாறாகச் சாய்ந்திருக்கிறதே!' என்று பதறி, இல்லாத சாய்வைச் சரிசெய்ய என்ஜின் குழாய்களை முழுக்கத் திருப்பியது. நேராகப் போய்க்கொண்டிருந்த ராக்கெட் உண்மையிலேயே சாய்ந்தது.

இந்தக் கதையில் என்னை ரொம்ப வாட்டியது இனிமேல் வருவதுதான்.

மாற்றும்போது எண் வழிந்துவிடக்கூடும் என்று அந்தப் பொறியாளர்களுக்குத் தெரியும்! ஏழு எண்களுக்கு அந்த அபாயம் உண்டு என்று அலசிப் பார்த்திருக்கிறார்கள். நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள். மூன்றை விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டரின் வேலைப் பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு. பாதுகாப்பு ஒவ்வொன்றும் கொஞ்சம் நேரம் தின்னும். இந்த மூன்றும் இயற்கையிலேயே பெரிதாக வளராது, வேண்டிய இடைவெளி இருக்கிறது என்று ஒரு கணிப்பு. ஏரியான்-4-க்கு அந்தக் கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. பழைய பெட்டியை அப்படியே தூக்கி ஏரியான்-5-ல் வைத்தார்கள். புது ராக்கெட் பலசாலி இல்லையா? அதன் கிடைமட்ட வேகம் பழையதைவிட ஐந்து மடங்கு சீக்கிரமாக ஏறும். மூன்றை ஏன் விட்டோம் என்ற காரணம் புரோகிராமுக்குள் எங்கேயும் எழுதப்படவில்லை. அடுத்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? புது ராக்கெட்டின் பாதையைக் கொடுத்து அந்தப் பெட்டியைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஒத்திகைகளில் நிஜப் பெட்டிக்குப் பதில் அதன் போலி ஒன்றைத்தான் வைத்திருந்தார்கள். விபத்துக்கு அப்புறம் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சு அசலாக அதே இடத்தில் படுத்தது!

இதைவிடக் கொடுமை... அந்தக் கணக்கே அந்த நேரத்தில் தேவையில்லை! தரையில் நிற்கும்போது பெட்டியைச் சமன்படுத்துவதற்கான கணக்கு அது. ராக்கெட் கிளம்பியதுமே அதற்கு வேலை முடிந்தது. பிறகு ஏன் ஓடியது? பழைய ஏரியானில், கவுன்ட் டவுனின் கடைசி விநாடிகளில் ஏதாவது தடங்கல் என்றால் மறுபடி சமன்படுத்த 45 நிமிடம் ஆகும். அதைத் தவிர்க்க, எதற்கும் இருக்கட்டும் என்று கிளம்பிய பிறகும் சுமார் 40 விநாடி ஓடும்படி விட்டு வைத்தார்கள். இந்த வசதி ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டது, 1989-ல், 33-வது பயணத்தில். ஏரியான்-5-ல் கவுன்ட் டவுன் முறையே வேறு; அந்த வசதிக்கு அவசியமே இல்லை. 'நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு, எதுக்குக் கைவைக்கணும்' என்று விட்டுவிட்டார்கள். இன்னும் சில விநாடிகளில் தானாகவே நின்றிருக்கும்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1969 ஜூலை 20. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் நிலாவில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். தரைக்கு இன்னும் சுமார் பத்து கிலோமீட்டர். கம்ப்யூட்டரில் 1202 என்று ஒரு அபாய எண் மின்னுகிறது. அப்படியென்றால் 'வேலை தலைக்கு மேல் போய்விட்டது, புதுசாக எதையும் ஏற்க இடமில்லை' என்று அர்த்தம். அப்போது தேவையே இல்லாத ஒரு ரேடார், கம்ப்யூட்டரின் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தது. (இங்கேயும் தேவையில்லாத ஒன்றுதான் வில்லன், கவனித்தீர்களா?)

அந்தக் கம்ப்யூட்டருக்கும் தப்பு வந்தது. ஆனால், எம்.ஐ.டி-யில் ஹால் லேனிங், மார்கரெட் ஹாமில்டன் போன்றவர்கள் இருந்த குழு அதற்குக் கற்றுக்கொடுத்தது வேறு பாடம். இந்த வகை நெருக்கடி வந்தால் எல்லாவற்றையும் உதறிவிட்டு உடனே மறுபடி தொடங்கு, முக்கியமான வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள், மற்றவை கிடக்கட்டும். மனிதருக்கு ஒரு குரல் கொடு. ஆனால் ராக்கெட்டை ஓட்டுவதை மட்டும் நிறுத்தாதே.

அந்தக் குரல் ஹூஸ்டனுக்கு வந்தபோது முடிவு சொல்ல வேண்டியவர் ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. அவருக்கு யோசனை சொன்னவர் ஜாக் கார்மன், வயது 24. இரண்டு வாரம் முன்பு ஒத்திகையில் இதே மாதிரி ஒரு எண் வந்து, பேல்ஸ் குழம்பிப்போய், 'இறங்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். அது தப்பான முடிவு என்று தெரிந்தது. உடனே தலைமை அதிகாரி ஜீன் க்ரான்ஸ், வரக்கூடிய அத்தனை அபாய எண்களையும் எடுத்து, எதற்கு என்ன செய்வது என்று எழுதச் சொன்னார். கார்மன் கையாலேயே ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார். 1202 வந்ததும் அவர் பார்த்தது அந்தச் சீட்டை! தொடர்ந்து வந்துகொண்டே இல்லாதவரை பரவாயில்லை, இறங்கலாம். இறங்கினார்கள்.

ஹூஸ்டனில் ஒவ்வொரு தப்புக்கும் தனித்தனி பதில். கூரூவில் எல்லாத் தப்புக்கும் ஒரே பதில்.

லியோன்ஸ் குழு அறிக்கையில் சிபாரிசுகள் நிறைய. அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த உணர்கருவியும் தகவல் அனுப்புவதை நிறுத்தவே கூடாது. முழுசாக இல்லாவிட்டாலும் முடிந்த அளவுக்கு நல்ல தகவலாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு விஷயத்தையும் நறுக்கென்று சொன்னார்கள். தப்பு என்று நிரூபணமாகும்வரை மென்பொருள் சரியானது என்று நம்பியதுதான் கோளாறு. சரி என்று நிரூபணமாகும்வரை அதைச் சந்தேகிக்க வேண்டும். கோர்ட் வழக்கத்துக்கு அப்படியே தலைகீழ்!

மொழிகளை உருவாக்குகிறவர்கள் இந்தச் சண்டையை இன்னும் முடிக்கவில்லை. 1995-ல் வந்த ஜாவா, 'என்னிடமிருந்து என்னென்ன தப்பு வெளியே வரலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடு, இல்லையென்றால் உன் புரோகிராமை ஏற்க மாட்டேன்' என்று கண்டிப்பு காட்டியது. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? தப்பைப் பிடிப்பது மாதிரி பிடித்து, உள்ளே ஒரு வரிகூட எழுதாமல் விட்டார்கள். வந்த மனுவை வாங்கி, சீல் வைத்து, குப்பைக்கூடையில் போடுகிற காரியம்! 2009-ல் கூகுள் வெளியிட்ட 'கோ' மொழி எக்ஸெப்ஷன் ராஜபாட்டையை ஒதுக்கிவிட்டு, தப்பையும் சாதாரண விடையைப் போலவே கையில் கொடுக்கிறது. படிக்கு ஒரு முறை 'தப்பு இருக்கிறதா?' என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு விரல் தேய்கிறது. 'ரஸ்ட்' என்ற மொழியிலும் கிட்டத்தட்ட இதுதான். 2016 நவம்பரில் அதில் ஒரு சௌகரியம் செய்தார்கள். வரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். தப்பு இருந்தால் மேலே அனுப்பிவிடும், போகிற வழியில் மேலதிகாரிக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றியும் கொடுக்கும். எப்படி மாற்றுவது என்று நாமே சொல்லிக்கொடுக்கலாம். தப்பு ஏறுகிற இடம் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் என் ஓட்டு இந்தக் கேள்விக்குறிக்குத்தான். கவனிக்காமல் விட்டால் கம்பைலர் முறைத்துப் பார்க்கும். ஆனால், உச்சியில் உட்கார்ந்திருப்பவர் 'எது வந்தாலும் கடையை மூடு' என்று எழுதி வைத்திருந்தால் எந்த மொழியும் காப்பாற்றாது.

ஏரியான்-5 என்ன ஆயிற்று? 1997 அக்டோபரில் இரண்டாவது முறை பறந்தது; அதிலும் அரைகுறை வெற்றிதான். 1998 அக்டோபரில் மூன்றாவது முறை முழுசாக ஜெயித்தது. அப்புறம் அதுவே உலகின் மிக நம்பகமான ராக்கெட்டுகளில் ஒன்றாயிற்று. 2018 டிசம்பரில் நம்முடைய ஜிசாட்-11 அதில்தான் போனது. 2021 கிறிஸ்துமஸ் அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை ஏற்றிவிட்டதும் அதுதான். 2023 ஜூலை 5-ல் 117-வது பயணத்தோடு ஓய்வு பெற்றது.

சதுப்பு நிலத்தில் சிதறிப்போன அந்த நான்கு செயற்கைக்கோள்கள்? விஞ்ஞானிகள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. மிச்சமிருந்த உதிரி பாகங்களை வைத்தே ஒன்றைக் கட்டினார்கள். 'ஃபீனிக்ஸ்' என்று பெயர். இன்னும் மூன்றைப் புதிதாகச் செய்தார்கள். இந்த முறை ஏரியான் பக்கமே போகவில்லை. கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டுகளில், 2000 ஜூலையில் இரண்டு, ஆகஸ்ட்டில் இரண்டு என்று அனுப்பினார்கள். ரும்பா, சால்சா, சம்பா, டாங்கோ என்று நடனப் பெயர்களும் சூட்டினார்கள். நால்வரும் இருபது வருஷத்துக்கு மேல் பூமியைச் சுற்றி ஆடினார்கள். முதலில் ஆட்டத்தை முடித்தது சால்சா. 2024 செப்டம்பர் 8-ம் தேதி, தென் பசிபிக் கடலின் மேலே, விஞ்ஞானிகள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஆளில்லாத இடத்தில் எரிந்து விழுந்தது.